பறக்கும் தட்டு

குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டதும் கதவில் முதல் உதை விழுந்தது.

அவள் வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூச்சு இன்னும் சரியாக இறங்கவில்லை. அவன் விரல்கள் தொண்டையிலேயே தங்கிவிட்டாற்போல் இருந்தது.

"யாரைக் கேட்டுடி போனே?"

அடுத்த உதை.

யாரையும் கேட்கவில்லை. கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுக் காலையில் பஸ் ஏறினாள். ஊருக்கு வெளியே ஒரு தென்னந்தோப்பு. அதற்குப் பின்னால் பொட்டல். அங்கே ஒரு இயந்திரம் ஆரஞ்சு நிறக் களிமண் தட்டுகளை வானத்தில் வீசும். தரையில் விழுவதற்குள் துப்பாக்கியால் சுட்டு உடைக்க வேண்டும்.

இத்தனை நாளும் அதைப் போனில்தான் பார்த்தாள். வாட்ஸப்பில் ‘பறக்கும் தட்டு’ என்றொரு குழு. எல்லாரும் பெண்கள். டாக்டரம்மா உண்டு. தையல்காரி உண்டு. காலேஜ் பிள்ளைகள் உண்டு. புருஷன் வேலைக்குப் போனதும் படிப்பாள். படித்ததும் அழித்துவிடுவாள். ஒரு வார்த்தை எழுதியதில்லை.

புதிதாக வருகிறவர்களுக்கு அங்கே ஒரு வழக்கம். முதல் தட்டை உடைத்த அன்று தோளைப் படம் எடுத்துப் போட வேண்டும். துப்பாக்கி உதைத்துக் கன்றிப்போன தோள். அதன் கீழே பூவும் கைதட்டலுமாகக் குவியும்.

இன்றைக்கு அவளும் உடைத்தாள்.

தட்டுத் தட்டாகத் தப்பிப் போயிற்று. கை மரத்துப்போனது. போதும் என்று நினைத்தபோது ஒன்று, வானத்திலேயே, பொடிப்பொடியாகச் சிதறியது.

குழுவை நடத்துகிற குணவதி அக்கா பின்னால் நின்று விசிலடித்தாள்.

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு யாருடையது என்று அவளே திரும்பிப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவன் அவளுடைய துப்பட்டாவை மோந்து பார்த்தான். வெடிமருந்து நெடி.

அப்புறம் பேச்சே இல்லை. கழுத்துதான்.

கதவின் கீல் ஒன்று கழன்று தொங்கியது.

ஏன் அதைச் செய்தாள் என்று அவளுக்கே தெரியாது. சுடிதாரைத் தோளிலிருந்து இறக்கினாள். கண்ணாடியில் தெரிந்ததைப் படம் எடுத்தாள். குழுவில் போட்டாள்.

‘இன்னைக்கு உடைச்சேன்.’

அவளுடைய முதல் வரி.

பூக்கள் வந்தன. கைதட்டல்கள் வந்தன. ‘யாரும்மா நீ, இத்தனை நாள் எங்கே ஒளிஞ்சிருந்தே?’ என்று ஒருத்தி கேட்டிருந்தாள்.

பிறகு எல்லாம் சட்டென்று நின்றுபோனது.

குணவதியிடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்தது.

‘தோள்ல இருக்கறது துப்பாக்கி. கழுத்துல இருக்கறது யாரு?’

அவள் இருக்குமிடத்தை மட்டும் அனுப்பினாள். கதவு உள்ளே விழுந்தது.

அவன் போனைப் பிடுங்கிச் சுவரில் அடித்தான். பிறகு அவள் தலையை. பிறகு மறுபடியும் தலையை. பேசின் விளிம்பில் பல் ஒன்று போனது. வாயெல்லாம் இரும்பு.

எப்போதும் இந்த இடத்தில் அவள் சுருண்டு படுத்துக்கொள்வாள். அது சீக்கிரம் முடியும் வழி.

இன்று அவன் மணிக்கட்டைக் கடித்தாள். எலும்பு தட்டுப்படும்வரை விடவில்லை.

அவன் அலறினான். அவனிடமிருந்து அப்படியொரு சத்தத்தை அவள் கேட்டதே இல்லை.

எவ்வளவு நேரம் போனதோ, வாசலில் ஜீப் ஹாரன். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தது. அக்கம்பக்கத்துக் கதவுகள் திறந்தன. குணவதி உள்ளே வந்தாள். பின்னால் இரண்டு பெண்கள். போனில் வட்டத்துக்குள் பார்த்த முகங்கள்.

"இது குடும்ப விஷயம்," என்றான் அவன். கையிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது.

மூவரும் அவனைத் தாண்டி வந்து அவளை இருபுறமும் தாங்கி நடத்திக்கொண்டு போனார்கள்.

தோப்பு வீட்டில் குணவதி அவள் கழுத்தில் ஐஸ் வைத்தாள். எதிரே குணவதியின் அண்ணனுடைய இரும்பு அலமாரி. திறந்திருந்தது. காலையில் அவள் தோளை உதைத்த துப்பாக்கி உள்ளே சாய்ந்து நின்றது.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா. அதைக் கொஞ்சம் குடுங்க."

"எதுக்கு?"

"சும்மா. ஒரே ஒரு தட்டு."

வெளியே மசங்கிவிட்டது. தென்னை மரங்களே கலங்கலாகத் தெரிந்தன. இந்த வெளிச்சத்தில் எந்தத் தட்டும் கண்ணுக்குத் தெரியாது. அது அவளுக்கும் தெரியும், குணவதிக்கும் தெரியும்.

குணவதி எழுந்து போய் அலமாரியைப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். திரும்பி வந்து உட்கார்ந்து ஐஸ் துணியைக் கையில் எடுத்தாள்.

"எனக்கு அன்னைக்குப் பூட்டி வெக்க ஆளில்ல, கண்ணு."

குரலில் ஏற்றமுமில்லை, இறக்கமுமில்லை. நேற்றைக் குழம்பில் உப்புக் குறைந்ததைச் சொல்வது போலச் சொன்னாள்.

குணவதி எத்தனை வருடம் ஜெயிலில் இருந்தாள் என்று அவள் கேட்கவில்லை. ஐஸ் உருகி முதுகில் இறங்கியது.

பிறகு குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். வெறுங்கால்.

"செருப்பு இருக்குங்களாக்கா?" என்றாள். உடைந்த பல்லில் வார்த்தை காற்றாய்ப் போனது. மறுபடி, நிறுத்திச் சொன்னாள்.

"போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகணும்."