ஒரே பக்கமாக

மூன்றாவது மெஷினிலும் ஜெபகுமார் ஒரு குறை கண்டுபிடித்துவிட்டார்.

முதலாவது சத்தம் அதிகம். இரண்டாவது கனம் அதிகம், சமையல் மேடை தாங்காது. மூன்றாவதன் நிறம் சரியில்லை என்றார். சொன்ன பிறகு அவருக்கே அது அற்பமாகப் பட்டது.

அவர் மனைவி ரோஸி விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேற்குத் தாம்பரத்துக் கடையில் கூட்டம் நெரிந்தது. விற்பனைப் பெண் ஹேமாவதி முகம் சுளிக்காமல் கேக் மாவு அடிக்கும் நான்காவது ஸ்டாண்ட் மிக்சரின் அட்டைப்பெட்டியைப் பிரித்தாள்.

இன்றே ஒன்றை வாங்கியாக வேண்டும். டிசம்பர் பத்தாகிவிட்டது. இருபத்திரண்டாம் தேதிக்குள் முப்பது கிலோ பிளம் கேக். பாதி நாவலூர் அபார்ட்மெண்ட்காரர்களுக்கு, பாதி பெருங்களத்தூர் சபை மக்களுக்கு. பழமெல்லாம் அக்டோபரிலேயே ஊறப்போட்டாயிற்று.

அடிக்கத்தான் கையில்லை.

இருபத்திரண்டு வருடமாக அந்தக் கை ஜெபகுமாருடையது. வேலை முடிந்து வந்து, லுங்கிக்கு மாறி, பெரிய அலுமினியக் குண்டானைக் காலுக்கு நடுவே வைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்துவிடுவார். வெண்ணெயும் சர்க்கரையும் நுரைத்து வெளுக்கும்வரை அடிப்பார். நடுவில் காபிக்கோ கை ஓய்ந்துபோயோ எழுந்தால், அதுவரைக்கும் ரோஸி கரண்டியைப் பிடித்துக்கொள்வாள்.

கேக் வாங்க வருகிறவர்களிடம், அடித்தது தன் வீட்டுக்காரர்தான் என்று ரோஸி மறக்காமல் சொல்வாள். உள்ளறையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு அவர் அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஜூலையில் வலது தோள் இறுகிவிட்டது. சட்டை மாட்டவே ரோஸி வேண்டும். இந்த வருடம் மாவு அடிக்கவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

ஆக, இந்த மெஷின் வீட்டுக்குள் வந்தால் அடுப்படியில் தனக்கு வேலையில்லை. ஒரு மனிதன் இதற்குப் போய் வருத்தப்படுவானா என்று வெட்கமாக இருந்தது. ஆனால் வருத்தமாகத்தான் இருந்தது. அதனால்தான் நிறம் சரியில்லை.

ஹேமாவதி கிண்ணத்தில் கொஞ்சம் மைதாவைக் கரைத்து மெஷினை ஓடவிட்டாள். ஜெபகுமார் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் பளிச்சென்று இருந்தது.

உள்ளே இருக்கும் துடுப்பு ஒரு பக்கமாகச் சுழல்கிறது. சுழன்றபடியே கிண்ணத்தை எதிர்ப்பக்கமாகச் சுற்றி வருகிறது.

அவருக்கு இது போதாதா?

ஒரே பக்கமாகத்தான் அடிக்க வேண்டும், பக்கம் மாறினால் வெண்ணெய் திரிந்து கேக் அமுங்கிவிடும். இது அவர் வீட்டில் சட்டம். கல்யாணத்துக்கு முன்பு பல்லாவரத்தில் ஒரு பேக்கரி மாஸ்டர் சொல்லிக் கேட்டது. அடுத்த வீட்டு ஆல்வின் ஒருமுறை விளையாட்டாக எதிர்ப்பக்கம் இரண்டு சுற்று சுற்றிவிட்டான். பத்து வருடமாகியும் அவனைக் குண்டான் பக்கம் அண்டவிடுவதில்லை.

ஆல்வின் கதை உட்பட எல்லாவற்றையும் ஹேமாவதிக்கு விளக்கினார். எல்லா மெஷினும் இப்படித்தான் சார் சுற்றும் என்றாள் அவள். அவருக்கு இன்னும் வசதியாகப் போயிற்று. வெறுங்கையோடு கிளம்பலாம். முப்பது கிலோவை யார் அடிப்பது என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை.

ரோஸி கையை நீட்டி மெஷினை நிறுத்தினாள். இடது கை.

"எனக்கு இடது கைப் பழக்கம்னு உங்களுக்குத் தெரியும்ல? நீங்க காபி குடிக்க எழுந்து போறப்பல்லாம் நான் எதிர்ப்பக்கமாத்தாங்க அடிச்சேன். எல்லா வருஷமும்."

ஜெபகுமாருக்கு இருபத்திரண்டு வருடத்துக் கேக்குகளும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. ஒன்றுகூட அமுங்கவில்லை. ஆல்வினின் முகம் வேறு வந்து நின்றது.

ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டார். ரோஸி தோள்பக்கம் மடங்கிக் கிடந்த அவருடைய காலரை எடுத்து நேராக்கிவிட்டாள்.

கையும் போயிற்று, சட்டமும் போயிற்று. இனி என்ன குறை சொல்வது? அந்த நான்காவதையே பில் போடச் சொன்னார். சொல்லிவிட்டுத் தெருவைப் பார்த்தபடி நின்றுகொண்டார்.

ஹேமாவதிக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஓரத்தில் ரப்பர் பட்டை வைத்த துடுப்பு ஒன்று தனியாகக் கிடைக்கும், கிண்ணத்தில் ஒட்டுகிற மாவை அதுவே வழித்துவிடும், பெரிய ஆர்டர் எடுக்கிறவர்கள் எல்லாரும் அதையும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள் என்றாள்.

அது இல்லையென்றால் என்ன ஆகும் என்று ரோஸி கேட்டாள்.

இல்லையென்றால் யாராவது பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, அடிக்கொரு தரம் நிறுத்தி, கரண்டியால் ஓரத்தை வழித்துவிட வேண்டும். அது பெரிய தொல்லைக்கா, ஒரு ஆளையே பிடித்து வைத்துக்கொள்ளும் என்றாள் ஹேமாவதி.

தோளைத் தூக்காமல் செய்யக்கூடிய வேலைதானா என்று ரோஸி கேட்டாள். ஒரு கை போதும்க்கா, இடது கையே போதும் என்றாள் அந்தப் பெண், ஒன்றும் புரியாமல்.

ரோஸி அந்த ரப்பர் துடுப்பைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நல்ல சாமான்தான். திரும்ப ஹேமாவதி கையிலேயே கொடுத்துவிட்டாள்.

"வேணாம்மா. வழிச்சுவிட எங்க வீட்ல ஆள் இருக்கு."