நிறுத்தச் சொல்லி ஒரு கடிதம்

"ஸ்டாப் வேண்டாம் அம்மணி. அது டவுன் பஸ்ஸுக்கு" என்று சொல்லிவிட்டுச் சென்னகேசவன் பேனா மூடியைக் கழற்றினார். மில்லில் ஜெனரல் மேனேஜராக இருந்தபோது முப்பது பேரை வீட்டுக்கு அனுப்பிய பேனா அது.

எதிரே சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தாள் கிருபா. சிங்காநல்லூரில் அந்த அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். குடியிருப்பில் ஒருவர் செய்கிற காரியம் எல்லோருக்கும் தொந்தரவாக இருக்கிறதாம். நிறுத்தச் சொல்லி ஒரு கடிதம் வேண்டுமாம், இங்கிலீஷில்.

"தமிழ்ல மூஞ்சிக்கு நேரா சொல்ல யாருக்கும் வாய் வரலீங்க சார்."

யார் என்று அவள் சொல்லவில்லை. சொல்லத்தான் வேண்டுமா? மூன்றாவது மாடியில் டிரம்ஸ் அடிக்கிற ரோஹனை விட்டால் வேறு யார்! பெயருக்கும் குற்றத்துக்கும் இடம் விட்டு எழுதிக் கொடுத்தால் போதும், நிரப்பிக்கொள்கிறோம் என்றாள். ரகசியம் காக்கத் தெரிந்த பெண் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டார்.

மனைவி ரங்கநாயகி காலமானபிறகு அந்தச் சோபாவில் ஓர் ஆள் உட்கார எட்டு மாதம் ஆகியிருக்கிறது. தினமும் காலை ஆறு மணிக்கு இருபத்துநாலு வீட்டுக்கும் இன்டர்காமில் கூப்பிட்டு, "தண்ணி வருதுங்களா?" என்று விசாரிப்பார். "வருதுங்க" என்பார்கள். அதோடு அவருடைய அன்றைய பேச்சு முடிந்துவிடும்.

ஆகையால் இன்று அவர் அவசரப்படவில்லை. தன் கையாலேயே காபி போட்டுக் கொடுத்தார். டிஸ்கன்டின்யூ பத்திரிகைச் சந்தாவுக்கு, டெர்மினேட் வேலையாளுக்கு என்று ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து, வைர வியாபாரி மாதிரி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிக் காட்டினார்.

"ரெஃப்ரெய்ன்னு ஒண்ணு இருக்குதுங்களே சார்?" என்றாள் கிருபா.

"அது கெஞ்சற வார்த்தை. பார்க்குல பூப் பறிக்காதீங்கன்னு போர்டு வெக்கறதுக்கு ஆகும்."

கடைசியில், நிறுத்து, இனிச் செய்யாதே என்று கோர்ட் அதட்டுகிற 'சீஸ் அண்ட் டெசிஸ்ட்' என்பதை எழுதி, அடியில் இரண்டு கோடும் இழுத்தார். படித்தால் ஆள் அன்றைக்கே அடங்கிவிடுவான் என்று உத்தரவாதமும் தந்தார்.

கிருபா தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். காபி ஆடை கட்டியிருந்தது. "கொஞ்சம் கடுசா இருக்குதுங்களே சார்."

"எரக்கப்பட்டா நிர்வாகம் நடக்காது அம்மணி."

மறுநாள் காலை ஆறு மணி. சென்னகேசவன் இன்டர்காமை எடுக்கப்போன நேரம், வாசல் மணி அடித்தது. திறந்தால் கிருபா. அடுத்தடுத்து இரண்டு நாள் வீட்டுக்கு ஆள் வருகிறதே என்று அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"ரோஹன் லெட்டரை வாங்கிட்டானா? என்ன சொன்னான்?"

கிருபாவின் கண் சுவரிலிருந்த இன்டர்காமுக்குப் போய்விட்டுத் தரைக்கு இறங்கியது. பெரியவர்களுக்குக் கொடுக்கிற மரியாதையில், இரண்டு கையாலும் ஓர் உறையை நீட்டினாள். மேலே அவருடைய வீட்டு எண் இருந்தது.

"ரெஃப்ரெய்ன்னுதானுங்க சார் போட்டிருக்கோம்."