பத்துக்கு ஒன்பது

"பிரிட்ஜைத் திறங்க."

வீட்டுக்குள் நுழைந்து முழுசாக ஒரு நிமிஷம் ஆகவில்லை, அதற்குள் அதிகாரம். டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பஸ் டிரைவர், யூனிஃபார்ம் பட்டனைப் போட்டபடியே பல்லைக் கடித்துக்கொண்டு திறந்தாள்.

வந்தவர் குழந்தைகள் நலத்துறை அதிகாரி. பால், முட்டை, பழம் என்று ஒவ்வொன்றாக நோட்டில் குறித்தார்.

"மேடம், நான் என்ன திருட்டா பண்ணினேன்?"

"உங்க பொண்ணை மூணு மாசத்துல நாலு தடவை அவசர சிகிச்சைக்குக் கொண்டு போயிருக்கீங்க. ஸ்கூலுக்கும் பதினெட்டு நாள் போகல. ஆபீஸ் கம்ப்யூட்டர் இந்த வீட்டுக்குப் பத்துக்கு ஒன்பது போட்டிருக்கு."

"நல்ல மார்க்தானே?"

"ஆபத்துக்கான மார்க்கும்மா. எட்டைத் தாண்டினா குழந்தையைக் கூட்டிட்டுப் போயிடுவாங்க."

பிரிட்ஜ் கதவை அறைந்து சாத்தினாள்.

"அவளுக்கு வீசிங் மேடம்! மூச்சுத் திணறினா தூக்கிட்டு ஓடாம வேற என்ன பண்றது?"

அதிகாரி அதையும் குறித்துக்கொண்டார். கதவோரம் நின்ற ஆறு வயசுக்காரியைக் கூப்பிட்டார்.

"அம்மா அடிப்பாங்களா?"

"அடிக்க மாட்டாங்க. பாம்பு ஏணி விளையாடினா ஏமாத்துவாங்க."

அதற்கும் அந்த முகத்தில் சிரிப்பு இல்லை. தலையணைப் பக்கம் இருந்த இன்ஹேலர், அலமாரிக் கதவில் தேதிவாரியாக ஒட்டியிருந்த டாக்டர் சீட்டுகள் எல்லாவற்றையும் போட்டோ எடுத்தார். நின்றபடியே ரொம்ப நேரம் எழுதினார். கையெழுத்துப் போட்டார்.

"நீங்க ஆஸ்பத்திரிக்கே போகாத அம்மாவா இருந்திருந்தா, அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது. ஒண்ணோ ரெண்டோ போட்டுட்டுப் போயிருக்கும். ஓடி ஓடிப் பார்த்ததையே குத்தமா எண்ணி வச்சிருக்கு."

"இப்போ என்ன ஆகும்?"

"நேர்ல பார்த்தேன்னு ஒருத்தர் எழுதிக் கொடுத்தா அது போட்ட மார்க் செல்லாது. எழுதிட்டேன். குழந்தை உங்ககிட்டதான்."

போன உயிர் திரும்பி வந்தது. மகளைக் கட்டிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுது முடித்த பிறகுதான் கோபம் வந்தது.

"எப்படியும் நேர்ல வந்து பார்த்துட்டுத்தானே முடிவு பண்ணுவீங்க? அதைக் கொஞ்சம் சிரிச்ச முகமா கேட்டா குறைஞ்சா போயிடுவீங்க?"

அதிகாரி பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். வாசல் வரை போனவர் தயங்கி நின்றார்.

"வந்து பார்க்கணும்னு விதியே இல்லம்மா. நாளைக் காலையில குழந்தையைக் கூட்டிட்டு வர வண்டி அனுப்பறதா உத்தரவே ரெடியா இருந்துச்சு. எனக்கு மனசு கேக்கல. இன்னைக்கு லீவு போட்டுட்டு வந்தேன்."