மெதுவாக ஒரு பீஸ்

தெரியாதவளைப் போல நிற்க வேண்டும்.

அது எப்படி என்றுதான் தெரியவில்லை. கையைக் கட்டிக்கொண்டாள். அவிழ்த்தாள். நோட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

நோட்டும் காலையில் கொடுத்ததுதான்.

சூப்பர்வைசர் குணாளன் மூன்று முறை சொல்லிவிட்டார். "நீ அப்ரண்டிஸ். மெஷினைத் தனியா தொடறதே இல்ல. நான் பக்கத்துல நின்னு சொல்லிக் குடுப்பேன், நீ பாத்து எழுதிக்குவ. கேட்டா இதான். வேற எதுனா வாயில வந்துச்சு, அப்ரண்டிஸ் இருபத்திரண்டு பேரும் சர்டிபிகேட் இல்லாம பஸ் ஏற வேண்டியதுதான்."

பக்கத்து மெஷினில் எஸ்தர் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளும் அப்ரண்டிஸ்.

"நடிக்கறதுக்குத் தனியா பேட்டா கேளுடி."

நோட்டைப் பிடித்திருந்தவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

பதினோரு மாதமாக அந்த பிரஸ் மெஷினைத் தனியாகத்தான் ஓட்டுகிறாள். தகட்டை உள்ளே வைத்தால், மேலிருந்து இரும்பு இறங்கி வளைக்கும். வளைந்த பீஸை எடுத்துவிட்டு அடுத்தது. ஒரு ஷிப்டுக்கு இரண்டாயிரத்து நானூறு. நிரந்தர ஆள் எடுப்பதும் அதே இரண்டாயிரத்து நானூறுதான்.

அவருக்கு இருபதாயிரம். அவளுக்கு ஒன்பதாயிரம். அந்த ஒன்பதிலும் ஆயிரத்து ஐந்நூறு அரசாங்கம் தருவது.

அந்த ஆயிரத்து ஐந்நூறுக்கு என்ன சொல்லித் தருகிறார்கள் என்று பார்க்கத்தான் இன்று ஆபீஸர் வருகிறார். அவர் கையெழுத்துப் போட்டால்தான் சர்டிபிகேட்.

பயிற்சி முடிய இன்னும் பத்தொன்பது நாள்.

அதற்குப் பிறகு அவளும் ஆபரேட்டர். வேறு கம்பெனியில் பதினேழாயிரத்துக்குப் பேசியாகிவிட்டது. இந்த வருஷம் செங்கல் சூளைக்கு முன்பணம் வாங்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டாள். மேஸ்திரியும் வேறு குடும்பத்தைப் பிடித்துக்கொண்டு போய்விட்டான்.

மெஷினில் இரண்டு பட்டன். இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் இரும்பு இறங்கும். கை உள்ளே மாட்டிக்கொள்ளாமல் இருக்கச் செய்த ஏற்பாடு.

அப்படி அழுத்தினால் இரண்டாயிரத்து நானூறு வராது.

அதனால் இடது பட்டனில் ஒரு மரத்துண்டைச் செருகி, எப்போதும் அமுங்கியே இருக்கும்படி வைத்திருப்பார்கள். வலது கை அழுத்தும். இடது கை தகட்டை வைக்கும், எடுக்கும்.

இன்று காலை குணாளன் அந்தத் துண்டைப் பிடுங்கித் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

ஆபீஸர் பத்தரைக்கு வந்தார். வயதானவர். சட்டையில் இரண்டு பேனா. வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் அவளிடம் நின்றார்.

நோட்டை வாங்கவில்லை.

"ஒரு பீஸ் ஓட்டிக் காட்டும்மா."

குணாளன் முந்திக்கொண்டார். "சார், அது இன்னும்..."

"நீங்க பக்கத்துலதானே இருக்கீங்க. ஓட்டட்டும்."

குணாளன் அவளைப் பார்த்தார். "மெதுவா பண்ணும்மா. மெதுவா."

மெதுவாகத் தகட்டை எடுத்தாள். இவ்வளவு மெதுவாக அவள் எதையும் எடுத்ததில்லை. தகட்டைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளே வைத்தாள். சரியாக உட்கார்ந்ததா என்று தடவிப் பார்த்தாள். தெரியாதவள் அப்படித்தான் செய்வாள் என்று தோன்றியது.

வலது கை போய் பட்டனை அழுத்தியது.

மற்ற நாளில் வலது கை அழுத்தும்போது இடது கை வெளியே வந்துகொண்டிருக்கும். அந்த வேகம்தான் அதைக் காப்பாற்றும்.

இன்று மெதுவாகச் செய்யச் சொன்னார்கள்.

இடது கை உள்ளேயே இருந்தது.

இரும்பு இறங்கவில்லை.

எஸ்தரின் மெஷின் நின்றது. பக்கத்தில் யாரோ மூச்சை இழுத்தார்கள். கையை வெளியே எடுக்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. ஆபீஸர்தான் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார்.

பிறகு அவர் இடது பட்டனைப் பார்த்தார். குனிந்து விளிம்பைப் பார்த்தார். அங்கே பெயிண்ட் தேய்ந்திருந்தது.

"எப்பவும் ஒரு கையாலதான் அழுத்துவியா?"

குணாளன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தன் ஷூவைப் பார்த்தார்.

ஆமாம் என்றால் இருபத்திரண்டு பேர்.

"இல்ல சார். இன்னும் பழகல. பயத்துல தெரியாம வச்சுட்டேன்."

ஆபீஸர் அவளையே பார்த்தார். நம்பினாரா இல்லையா என்று அந்த முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. பேனாவைத் திறந்தார். கொஞ்ச நேரம் எழுதினார்.

"பதினோரு மாசம் ஆகியும் கையை உள்ள விடக் கூடாதுன்னு தெரியலைன்னா, தேறிட்டன்னு நான் எப்படிம்மா எழுத முடியும்? நாளைக்கு வேற எங்கயாவது போய் கையை விட்டுட்டு வந்து நிப்ப. இன்னும் ஆறு மாசம் பயிற்சிக்குப் போட்டிருக்கேன். உன் நல்லதுக்குத்தான்."

"கரெக்ட் சார்" என்றார் குணாளன். குரலில் தெம்பு திரும்பியிருந்தது. "ஆறு மாசம்தானே. பொறுமையா நாங்களே பாத்துக்கறோம்."

காகிதத்தை அவளிடம் நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டாள்.

ஆபீஸர் அடுத்த வரிசைக்கு நகர்ந்தார். பின்னாலேயே கிளம்பிய குணாளன் ஒரு நொடி நின்று அவள் காதருகே குனிந்தார்.

"தப்பிச்சோம். நல்லா சமாளிச்ச."

"அண்ணா."

"என்ன?"

"இந்த ஆறு மாசம் இன்னிலேருந்தா? இல்ல, அந்தப் பத்தொன்பது நாள் முடிஞ்சதுக்கு அப்புறமா?"