மச்சானின் நெஞ்சு

“உங்க நுரையீரல்ல ஒரு கட்டி இருக்கு” என்று டாக்டர் சொன்னதும் எக்ஸ்ரேக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமுகிறவர்போல் வாயைப் பொத்திக்கொண்டார்.

டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்திருந்தார். மூலையில் இருந்த எண்ணை அவருடைய கட்டைவிரல் மறைத்திருந்தது. “சின்னதுதான். இப்பவே எடுத்துட்டா பொழைச்சுக்கலாம். ஆறு மாசம் விட்டுட்டா அப்புறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது.”

பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். எக்ஸ்ரேக்காரர் பவ்யமாக வாங்கி மடித்து வைத்துக்கொண்டு, கட்டடத்தின் பின்பக்கம் போய் ஒரு சிகரெட் பற்றவைத்தார். அந்த நெஞ்சு அவருடையதே அல்ல, மச்சானுடையது.

விஷயம் இதுதான். வீட்டில் ஒன்று சிகரெட் இருக்கும், இல்லாவிட்டால் நான் இருப்பேன் என்று மனைவி போன வருடம் தீர்த்துச் சொல்லிவிட்டாள். மனிதர் அன்றே சிகரெட்டை விட்டுவிட்டதாக அறிவித்து, கான்வாஸ் ஷூ வாங்கி, காலையில் ஓட ஆரம்பித்தார். துணைக்கு மனைவியின் தம்பி. புகை வாசனையே ஆகாத பிள்ளை என்று குடும்பத்தில் பெயரெடுத்தவர்.

பூங்கா வாசல்வரை சேர்ந்து ஓடுவார்கள். அங்கே பிரிந்து ஆளுக்கொரு பக்கமாகச் சுற்றிவந்து மறுகோடியில் சந்திக்கலாம் என்பது மச்சானின் யோசனை. தனியாக ஓடினால்தான் வேகம் வருமாம். எக்ஸ்ரேக்காரர் வயிற்றில் பால் வார்த்த யோசனை அது. பம்ப் அறைக்குப் பின்னால் நின்று நிதானமாக ஒன்றை ஊதிவிட்டு, மிச்சத் தூரத்தை இரைக்க இரைக்க ஓடி முடிப்பார். மறுகோடியில் மச்சான் கிராம்பு மென்றுகொண்டு நிற்பார். இவருக்கும் இரண்டு கொடுப்பார். தொண்டைக்கு நல்லதாம்.

மனைவி லேசில் நம்புகிறவள் அல்ல. ஆறு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, இரண்டு பேரும் நெஞ்சைப் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றாள். தம்பியையும் சேர்த்தது பாரபட்சம் கூடாதே என்பதற்காக.

இருவருக்கும் ஒரே கிளினிக்கில்தான் வேலை. படம் பிடிப்பது இவர். இருட்டறை ஆள் கழுவிக் காயவைத்த படங்களை எண் பார்த்து, கவரில் பெயரெழுதிப் போட்டு டாக்டர் மேஜைக்கு அனுப்புவது ரிக்கார்டு ரூமில் இருக்கும் மச்சான். பிடிக்கும்போது மூலையில் வைக்கும் ஈய எண்தான் படத்துக்கு அடையாளம். அன்று இவருக்கு ஏழு, மச்சானுக்கு எட்டு. இவர் தன் நெஞ்சுக்கு எட்டையும் மச்சான் நெஞ்சுக்கு ஏழையும் வைத்துவிட்டார். மனிதருக்குப் படம் பிடிக்கத்தான் தெரியும், படிக்கத் தெரியாது.

புகையே படாத நெஞ்சு என்று நம்பித் திருடினால் அதில் கட்டி இருக்கிறது. சிரிப்பு வராதா? அதோடு ஒரு திருப்தியும் வந்தது. ஊதாதவனுக்கே கட்டி என்றால் ஊதுகிறவன்மேல் என்ன தப்பு?

மச்சானிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் எண் மாறிய கதை வெளியே வரும். மனைவி பெட்டியோடு வாசலில் நிற்பாள். ஆகவே சீட்டை ஷூ டப்பாவில் போட்டுவிட்டு, நெஞ்சு கண்ணாடி மாதிரி இருக்கிறதாம் என்று வீட்டில் சொன்னார். மனைவி படத்தைத் தூக்கிப் பார்த்து, எலும்பெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று ஒத்துக்கொண்டாள். மச்சானுக்கு இவரைவிடச் சந்தோஷம். இவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

ஏழு மாதம் ஓடிவிட்டது. மச்சானைப் பார்க்கும்போதெல்லாம் இவருக்கு மனம் இளகியது. பஸ்ஸில் ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுத்தார். சண்டை போடுவதை நிறுத்தினார். சாகப்போகிறவரோ நாளுக்கு நாள் வேகமாக ஓடிக்கொண்டிருந்தார். இவருக்குத்தான் பூங்கா வாசலுக்கு முன்பே மூச்சு வாங்கியது. வயசாகிறது என்று நினைத்துக்கொண்டார்.

ஒரு நாள் காலை அதற்குமேல் தாங்கவில்லை. மச்சானைப் பூங்கா பெஞ்சில் பிடித்து உட்காரவைத்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். பம்ப் அறை, ஈய எண், கட்டி, டாக்டர் சொன்ன ஆறு மாதம், ஒன்றையும் விடவில்லை.

“உன்னைக் கொன்னுட்டேன்டா மச்சான்” என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

மச்சான் குனிந்து, சாக்ஸுக்குள்ளிருந்து நசுங்கிய சிகரெட் ஒன்றை எடுத்துப் பற்றவைத்தார். இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுச் சொன்னார்.

“அன்னிக்குக் கவர்ல நம்ம பேரை நானும் மாத்தித்தான் எழுதினேன், மாமா.”