காதுக் குறி

ரோமம் கத்தரித்த ஆடுகளைத் திறந்துவிட்டதும் பட்டி முழுக்க ஒரே கூச்சல்.

காலையிலிருந்து தாயைப் பிரிந்து கிடந்த குட்டிகள். மொட்டையாகி வந்த தாயைக் கண்ணால் பார்த்தால் தெரியாது. குரலை வைத்துத்தான் தேட வேண்டும்.

எஃபி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எதிரே லாக்லன் டீயும் கையுமாக யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். சிரிக்கட்டும், இன்னும் கொஞ்ச நேரம்தானே.

போன வருஷம் கடலோரத் துண்டு நிலத்தை அவன் கேட்டான். அவள் தர மறுத்தாள். அந்த வாரமே தோளில் துப்பாக்கியோடு வந்து இதே சிரிப்போடு சொன்னான், உன் நாய் என் ஆட்டைக் கடித்தது, சுட்டுவிட்டேன் என்று.

அவள் நாய் மெக் அன்று காலில் காயத்தோடு அடுப்படியில்தான் கிடந்தது. சாயங்காலம் ஒரே ஒரு தரம் நொண்டிக்கொண்டு வெளியே போனது.

ஆட்டைக் கடித்த நாய் என்றால் அந்த ஊரில் விசாரணை கிடையாது. அவன் சொன்னான், ஊர் நம்பியது. அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பட்டியில் ஒரு குட்டி கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு ஓடியது. அதன் வலது காது பிளந்திருந்தது. அது லாக்லன் வீட்டுக் குறி.

ஓடிப்போய் எஃபியின் ஆட்டு மடியில் முட்டியது.

பின்னாலேயே இன்னொன்று. அப்புறம் மூன்றாவது.

பொது மலையில் எல்லார் ஆடும் கலந்துதான் மேயும். காதில் உள்ள வெட்டை நம்பித்தான் ஊரே பிழைக்கிறது. எல்லார் கண்ணும் அந்த மூன்று குட்டிகள் மேல் நின்றன.

மேய்ச்சல் கணக்குப் பார்க்கும் டூகல் கிழவர்தான் வாயைத் திறந்தார். "என்னப்பா லாக்லன், உன் குட்டியெல்லாம் எஃபி ஆட்டுக்கிட்ட பால் குடிக்குது?"

"சத்தியமா நான் அறுக்கலய்யா!"

"அப்ப குட்டியே தன் காதை அறுத்துக்கிச்சாக்கும்" என்றாள் எஃபி.

யாரும் சிரிக்கவில்லை. லாக்லனின் ஆடுகளில் பாதி இன்னும் ரோமத்தோடு நின்றன. கூடிக் கத்தரிக்க வந்த ஊராரின் கத்தரிக்கோல்கள் ஒவ்வொன்றாகப் பைக்குள் போயின. அவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இனி அவன் அடுப்புக்குச் சதுப்பு நிலத்துக் கரிமண் வெட்டவும் யாரும் வரமாட்டார்கள், படகு தள்ளவும் வரமாட்டார்கள். அங்கே ஒற்றை ஆளாகக் குளிர்காலத்தைத் தாண்ட முடியாது.

டூகல் அவளிடம் வந்து தொப்பியைக் கழற்றினார். "மன்னிச்சுக்கம்மா. நாய் விஷயத்துலயும் நாங்க உன்னைக் கேட்டிருக்கணும்."

எஃபி தலையை மட்டும் ஆட்டினாள். குட்டிகளை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

குறி போடும் நாளில் இந்த மூன்றையும் மலையிலேயே விட்டு வந்தவள் அவள்தான். மறுநாள் தனியாக ஏறிப் போய், ஒவ்வொன்றையும் முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு வலது காதைப் பிளந்தாள்.

முதல் குட்டி அலறியபோது கை நடுங்கியது. மற்ற இரண்டுக்கும் நடுங்கவில்லை.