வராத நோவு

மேல்மலையனூர் அமாவாசை பஸ் செஞ்சியிலிருந்து இன்னும் கிளம்பவில்லை. ஜன்னலோரக் காலை வெயிலில் எழிலரசன் ஒரு நீல மாத்திரையை விழுங்குகிறான். தேவேந்திரனைக் காதலிக்கத் தொடங்கிய பிறகு, எச்ஐவி தொற்றாமலிருக்க டாக்டர் தினமும் போடச் சொன்னது. மடியில் எலுமிச்சை மாலையோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மா அவன் கையிலிருக்கும் மாத்திரை டப்பாவையே பார்க்கிறாள். "உடம்புக்கு இன்னாடா?" "ஒண்ணுமில்லம்மா. நோவு வராம இருக்கத்தான்." "வராத நோவுக்கு எவனாச்சும் மாத்திர போடுவானா? இன்னா நோவு அது?" பெயரைச் சொன்னால் நோயைச் சொன்னதாகுமா, தேவேந்திரனைச் சொன்னதாகுமா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. இன்ஜின் உறுமுகிறது, டப்பாவுக்குள் மாத்திரைகள் கலகலக்கின்றன. அம்மா இடக்கைமேல் வலக்கையைக் குவித்து, தீர்த்தம் வாங்குவதுபோல் அவன்முன் நீட்டுகிறாள். "அப்ப எனக்கும் ஒண்ணு குடு."